கற்பும் காப்பும்: பாலியல் தொழிலாளர் பற்றிய தமிழ் எழுத்தும் கொழும்பின் யதார்த்தமும்

1

நோய்களுக்கு ஒரு மொழி இடும் பெயர்கள் அம்மொழி பேசும் சமூகத்தின் மனப்பாங்கினையும் காட்டுவன. மேகப்புண் என நாம் அறியும் நோய்க்குப் 'பறங்கிப்புண்' என்ற பெயரும் தமிழ் அகராதிகளிற் பதிவாகியுள்ளது. பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயர் கப்பலேறி வந்த காலத்தின் நினைவு அப்பெயரில் உறைந்துள்ளது. அந்நோய்க்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட கிழங்கும் 'பறங்கிப்பட்டை' ஆயிற்று. இவற்றோடு ஒருங்கு வைத்து நோக்கவேண்டிய மற்றொரு வழக்குத் தமிழகத்துப் பேச்சுமொழியில் உண்டு. பாலுறவால் தொற்றும் நோய் எதுவாயினும் அதனைப் 'பொம்பளைச் சீக்கு' என்பர். முதலாவது பெயர் நோயை அந்நியனுக்கு உரியதாக்குகின்றது. இரண்டாவது பெயர் அதனைப் பெண்ணுக்கு உரியதாக்குகின்றது. அதனைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நம்மூர் ஆடவன் இரண்டு பெயர்களிலும் இல்லை.

இவ்விடுபடல் தற்செயலானதன்று. பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண்ணைப் பற்றி நமது இலக்கியமும் சட்டமும் சுகாதாரப் பிரசாரமும் பேசிவந்த முறையினை ஆராயுமிடத்து, இவை மூன்றும் ஒரே திசையில் நிற்பதைக் காணலாம். அப்பெண்ணிடமிருந்து மற்றவர்களை எவ்வாறு காப்பது என்பதே இவற்றின் கேள்வி. அப்பெண் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறாள் என்பது அரிதாகவே கேட்கப்பட்டுள்ளது. கற்புப் பற்றிய கேள்வி காப்புப் பற்றிய கேள்வியை மறைத்து நிற்கின்றது என்பதும், முற்போக்கு விமர்சனமும் இம்மறைப்பிலிருந்து முற்றாக விடுபட்டதில்லை என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்பவை.

2

பண்டைய இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். மருதத் திணைப் பாடல்களிற் பரத்தைக்கு இடமுண்டு. சில பாடல்களில் அவளது கூற்றும் உண்டு. ஆயினும் அக்கூற்று, தலைவிக்கும் அவளுக்கும் இடையிலான போட்டியின் எல்லைக்குள் நின்றுவிடுகின்றது. திருக்குறளின் 92ஆம் அதிகாரமான 'வரைவின் மகளிர்' பொருட்பாலில் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அப்பத்துக் குறள்களும் ஆடவனை விளித்து எச்சரிப்பவை. பொருளுக்காகப் பழகும் பெண் அங்கு ஆபத்தின் ஊற்று. ஆபத்துக்கு உள்ளாகுபவன் ஆண். பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக இவ்விளிப்பு முறை மாறவில்லை என்பதனைப் பின்னர் சுகாதாரப் பிரசுரங்களைப் பற்றிப் பேசும்போது காண்போம்.

காப்பியங்கள் அவளுக்கு வெளியேறும் வழிகளை மட்டுமே காட்டின. மாதவி ஒருவனுக்கே உரியவளாக வாழ்ந்து கற்புடையாளுக்கு அணித்தாக வருகிறாள். மணிமேகலை குலத்தொழிலைத் துறந்து பிக்குணியாகிறாள். வெளியேறாமல் அத்தொழிலிலேயே இருந்து, வயிறு வளர்த்து, உடல்நலம் பேணி, முதுமையடையும் பெண்ணுக்குக் காப்பியக் கட்டமைப்பில் இடமில்லை.

நவீன காலத்திற் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. காயப்பட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வாங்க, ஆலைத் தொழிலாளியான அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பென்னும் கருத்தினை அதன் பொருளாதார அடித்தளத்தில் வைத்து எள்ளிய அக்கதை இன்றும் கூர்மழுங்காதது. ஆனால் அதன் தருக்கத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கணவனுக்காகச் செய்தாள், ஓர் இரவு மட்டும் செய்தாள் என்பதனாலேயே வாசகரின் அனுதாபம் அவளுக்கு எளிதிற் கிட்டுகிறது. தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் நாள்தோறும் இதனைச் செய்யும் பெண்ணுக்கு அதே அனுதாபம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாண்டுகளின் பின் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தத்தின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) தேவதாசி முறையினை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் போராட்ட எழுத்து. அதன் வரலாற்றுப் பங்களிப்பினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் வலை விரிப்பவள் தாசி, சிக்குபவன் மைனர் என்ற உறவு அதன் தலைப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. சீர்திருத்த நோக்கமும் பழைய விளிப்பு முறையும் ஒரே நூலில் இணைந்து நிற்க முடிந்தது.

ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' (1963), 'நாளை மற்றுமொரு நாளே' (1974) ஆகியன இத்தொழிலை அன்றாடமாக நோக்கியவை. ஒழுக்கத் தீர்ப்பு வழங்க மறுத்தவை. அவை பெற்ற மதிப்பு நியாயமானது. ஆயினும் அவற்றில் நாம் காணும் உலகம் பெரும்பாலும் அங்கு வந்துபோகும் அல்லது அதனை அண்டி வாழும் ஆணின் கண்வழி விரிகிறது. பெண்ணின் வேலையறையில் நிகழும் பேரம் அக்கண்ணுக்கு எட்டாதது. நளினி ஜமீலாவின் மலையாளச் சுயசரிதை 2005இல் வெளிவந்து பின்னர் தமிழுக்கும் வந்தபோதுதான், அப்பேரத்தை நடத்துபவரின் குரலிலேயே கேட்கும் வாய்ப்புத் தமிழ் வாசகருக்குக் கிட்டியது. அந்நூலை நம்மிற் பலர் 'துணிச்சலான வாக்குமூலம்' எனப் பாராட்டியதோடு அமைந்தனர். வாக்குமூலம் என்பது குற்றவாளியிடமிருந்து பெறப்படுவது. தொழிலாளி ஒருவர் தம் வேலை நிலைமைகளைக் கூறினால் அதனை நாம் அப்பெயரால் அழைப்பதில்லை.

3

இனிக் கொழும்பை நோக்குவோம். பாலியல் தொழிலைத் தன்னளவிற் குற்றமென இலங்கைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆயினும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டமும் அதனை நடைமுறையில் குற்றமாக்கிவந்துள்ளன. முன்னது 1824ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் மரபில் வந்தது. நிலத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்களை 'அலைவோர்' எனப் பெயரிட்டுத் தண்டித்த சட்டங்களின் வரலாற்றை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் விரிவாக எழுதியுள்ளார். உடைமையற்றோர் பொதுவெளியில் நிற்பதையே குற்றமாக்கும் இந்தத் தருக்கம், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொழும்பு வீதியில் நிற்கும் பெண்ணின் மீது பிரயோகிக்கப்பட்டு வந்துள்ளது. 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் அவளை அடைத்துவைக்கும் இடத்தையும் ஏற்படுத்தித் தந்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இத்தருக்கம் புதியதன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் இப்பகுதிகளின் தங்குவிடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் மலையகத்திற்கும் அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருப்போர் என்பதே அன்று கூறப்பட்ட விளக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அச்செயலைக் கண்டித்து நாம் எழுதினோம், பேசினோம், அது சரியே. ஆனால் ஒருவர் ஓரிடத்தில் இருப்பதற்கே அரசிடம் காரணம் காட்டவேண்டும் என்ற அதே நியதி, அதே வீதிகளில் நின்ற மற்றொரு பெண் மீது நெடுங்காலமாக நிலவி வந்ததை நாம் கண்டோமா? அவள் தமிழ்ப் பெண்ணாயின் இருமடங்கு சந்தேகத்துக்கு உரியவளாகிறாள். பொலிஸ் அவளது அடையாள அட்டையைக் கேட்கும். சமூகம் அவளது மானத்தைக் கேட்கும்.

இந்நிலைமை பாலியல் நலத்தோடு எவ்வாறு தொடர்புறுகிறது? கைப்பையில் உள்ள ஆணுறையே விடை. அதனை வைத்திருத்தல் எச்சட்டத்தின் கீழும் குற்றமன்று. எனினும் கைது செய்வதற்கான சான்றாக அது கொள்ளப்படுவதைப் பாலியல் தொழிலாளர் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியுள்ளன. சுகாதாரத் திணைக்களம் இலவசமாக வழங்கும் பொருளை அதே அரசின் மற்றொரு கரம் குற்றச் சான்றாக எடுக்கிறது. இந்நிலையில், அன்றிரவு வீடு திரும்ப விரும்பும் ஒரு பெண் ஆணுறையை வைத்திராது செல்வது அவளுடைய அறியாமையின் விளைவன்று. உடனடி ஆபத்தையும் தொலைதூர ஆபத்தையும் ஒப்பிட்டு அவள் எடுக்கும் கணக்கு அது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாத உத்தரவில், பாலியல் தொழிலாளர் தம் நலத்துக்காகக் கைக்கொள்ளும் ஆணுறை போன்ற காப்புகளைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளலாகாது என்ற பரிந்துரைக்கு இடமளித்தது. நம் நாட்டிற் கோரப்படவேண்டிய முதலாவது விடயமும் அதுவே எனக் கருதுகின்றோம்.

4

சுகாதாரப் பிரசாரத்தின் மொழியினையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தல் விமர்சகரின் கடமை. ஆணுறை நமது பிரதேசத்திற்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாகவே பெருமளவில் வந்தது. இந்தியாவில் 'நிரோத்' 1968இலும் இலங்கையில் 'ப்ரீத்தி' 1973இலும் அறிமுகமாயின. அவற்றின் விளம்பரத்தில் விளிக்கப்பட்டவன் பொறுப்புள்ள கணவன். 1980களின் பிற்பகுதியில் எயிட்ஸ் அச்சம் பரவியபோது அதே பொருள் 'ஆபத்தான பெண்ணிடமிருந்து' ஆணைக் காக்கும் கவசமாக மறுவிளக்கம் பெற்றது. இரு கட்டங்களிலும் அதனைக் கையாளும் மூன்றாவது ஆள், அதாவது அதனை அணியுமாறு வாடிக்கையாளனை இணங்கவைக்க வேண்டிய தொழிலாளி, வாக்கியத்தின் எழுவாயாக இருந்ததில்லை.

விஞ்ஞான வரலாற்றிலும் இப்போக்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையிற் கண்டறியப்பட்டது. வைத்தியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்னும் பட்டமேற்படிப்பு மாணவி, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் பெற்ற இரத்த மாதிரிகளிலிருந்து அது வெளிப்பட்டது. அவர்களது பணி போற்றற்குரியது. எண்ணற்ற உயிர்களைக் காக்க வழிசெய்தது. ஆனால் அப்பெண்கள் கிடைத்தமைக்குக் காரணம் அவர்கள் அடைக்கப்பட்டிருந்தமையே. அவர்களிடம் சென்ற ஆடவர் எவரும் அடைக்கப்பட்டிருக்கவில்லை. கண்டறியப்பட்ட இடமே நோயின் பிறப்பிடம் எனப் பொதுமக்கள் மனதிற் பதிந்தது.

இலங்கையில் 1987இல் முதலாவது இலங்கையரிடம் தொற்றுக் கண்டறியப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை எச்.ஐ.வி. பரவல் குறைவாகவே உள்ளது. பெண் பாலியல் தொழிலாளரிடையேயும் அது மிகக் குறைவே என்பதனைத் தேசிய மட்டக் கணிப்பாய்வுகள் காட்டியுள்ளன. 'நோய் பரப்புவோர்' என்ற கூற்றுக்கு இந்நாட்டின் தரவுகளில் ஆதாரமில்லை. தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் கடத்தப்படுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. இலவச மருத்துவத்தின் சாதனை அது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித் திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் கட்டணமின்றியும் இரகசியம் பேணியும் இயங்குகின்றன. அங்கு செல்லும் வழியிலே சட்டமும் அவமானமும் நிற்கின்றன என்பதே நமது விமர்சனம்.

பாதுகாப்பு என்பது ஒரு தொழில் அறிவு. ஆணுறையைச் சரியாகவும் தவறாமலும் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் வெட்டை நோயும் பெருமளவு தடுக்கப்படும். தோலுடன் தோல் படுவதால் தொற்றும் மேகப்புண், அக்கி வகை நோய்கள் ஆகியவற்றுக்கு அதன் காப்பு ஓரளவே. தேங்காயெண்ணெய் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் இரப்பர் உறையைச் சிதைக்கும். நீரடிப்படையிலான வழுவழுப்புப் பொருளே ஏற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உறைகளை அணிவது கிழியும் வாய்ப்பையே கூட்டும். பின்னர் சவர்க்காரமோ கிருமிநாசினியோ கொண்டு உள்ளே கழுவுதல் காப்பாகாது; இயற்கையான காப்பையும் அழிக்கும். உறை கிழிந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். முன்கூட்டியே உட்கொள்ளும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையும் இன்று உண்டு. மேகப்புண் பென்சிலினாற் குணமாகும். வெளியே அறிகுறியற்ற தொற்றுகள் பல உண்டாதலின் ஒழுங்கான பரிசோதனை இன்றியமையாதது. இவற்றை அறிந்து கடைப்பிடிக்கும் பெண், எந்திரத்தின் முன் கையுறை அணியும் தொழிலாளியைப் போன்று தன் வேலையின் ஆபத்தைக் கட்டுப்படுத்துகிறாள்.

ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதே பொருள்முதல்வாத நோக்கு. மெக்சிக்கோவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஆணுறையின்றி உறவுகொள்ள வாடிக்கையாளர் 23 சதவீதம் கூடுதலாகக் கொடுத்ததைக் காட்டியது. உடல்நலத்துக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. வாடகையும் கடனும் நெருக்கும் நாளில் அவ்விலை ஏற்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆடைத் தொழிற்சாலை வேலையை இழந்த பெண்களுட் சிலர் பாலியல் தொழிலுக்கு வந்தமை செய்திகளிற் பதிவாகியது. நேற்றுவரை தையல் எந்திரத்தின் முன் இருந்தவளுக்கு இத்தொழிலில் பேரம்பேசும் அனுபவம் இல்லை. மறுக்கும் வலுவும் இல்லை. அவளிடம் 'பாதுகாப்பாக இரு' என உபதேசிக்கும் துண்டுப்பிரசுரம் வேலை நிலைமைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாவிடின், பொறுப்பனைத்தையும் அவளது தலையில் ஏற்றும் நூலாகவே அமையும்.

5

இங்கு நாம் நமது மரபையும் விமர்சித்தாக வேண்டும். 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் இளம் மார்க்ஸ் விபச்சாரத்தைத் தொழிலாளியின் பொதுவான நிலைமையின் ஒரு சிறப்பு வெளிப்பாடாகக் கண்டார். ஏங்கெல்சும் பேபலும் அதனை முதலாளித்துவத் திருமணத்தின் மறுபக்கமாக விளக்கினர். இவை ஆழமான நோக்குகள். ஆயினும் இயக்க நடைமுறையில் வேறொரு போக்கும் தொடர்ந்தது. கிளாரா ஜெட்கின் தமது நினைவுக்குறிப்பிற் பதிவுசெய்த 1920ஆம் ஆண்டு உரையாடல் ஒன்றில், ஹம்பர்க் நகரில் பாலியல் தொழிலாளரை அணிதிரட்ட முனைந்த ஒரு பெண் தோழரின் முயற்சியை லெனின் திசைதப்பியதெனக் கண்டிக்கிறார். பொலிஸ் விதியை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட அப்பெண்களுக்காக றோசா லக்சம்பேர்க் எழுதியதை அனுதாபத்தின் வெளிப்பாடாக அவர் ஏற்கிறார், அணிதிரட்டலை ஏற்கவில்லை. உற்பத்தித் தொழிலாளியே புரட்சியின் மையம் என்ற அரசியல் இதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அதன் விளைவாகப் பாலியல் தொழிலாளி 'உதிரிப் பாட்டாளி' என்ற பெட்டிக்குள் அடைக்கப்பட்டு நமது கவனத்திலிருந்து அகன்றாள்.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் சாதியொடுக்குமுறையினையும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வினையும் துறைமுகத் தொழிலாளியின் போராட்டத்தையும் எழுதியது. அது நிலைத்த சாதனை. அதே துறைமுகத்தை அண்டி, அதே கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் வாழ்ந்த பெண் அவ்வெழுத்தில் தோன்றும்போது பெரும்பாலும் சுரண்டலின் சின்னமாகத் தோன்றினாள். சின்னம் பேசாது, சங்கம் அமைக்காது. 1960களின் தொடக்கத்தில் எஸ். பொன்னுத்துரையின் 'தீ' வெளிவந்தபோது நம்மவர் எழுப்பிய எதிர்ப்பும் ஆதரவும் பாலியலை எழுதலாமா என்பதிலேயே சுழன்றன. யாருடைய உடல், யாருடைய ஆபத்து என்ற வர்க்கக் கேள்வி விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

'பாலியல் தொழிலாளி' என்ற சொல் சுரண்டலை இயல்பாக்கிவிடும் என்பது தோழர்கள் சிலரின் ஆட்சேபணை. இதனை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. வறுமையையும் வற்புறுத்தலையும் 'தெரிவு' என்ற சொல்லால் மூடும் தாராளவாதம் நமக்கு உடன்பாடன்று. சிறுமியரையும் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களையும் பொறுத்தவரை தொழில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சுரங்கத்தில் வேலை செய்பவனைத் தொழிலாளி என அழைப்பதனால் சுரங்கமுதலாளியை நாம் நியாயப்படுத்துவதில்லை. தொழிலாளி எனப் பெயரிடுவது, அவ்வேலையின் நிலைமைகள் பற்றிக் கேட்கவும் போராடவும் உள்ள உரிமையை ஒப்புக்கொள்வதே.

அவ்வுரிமை கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கல்கத்தாவின் சோனாகாச்சி சான்று. வைத்தியர் சமரஜித் ஜனா 1992இல் அங்கு தொடங்கிய பாலியல் நலத் திட்டம், பாலியல் தொழிலாளரையே சக கல்வியாளர்களாக நியமித்தது. 1995இல் அவர்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்னும் சொந்த அமைப்பைக் கட்டினர். வட்டிக்காரரின் பிடியிலிருந்து விடுபட உஷா கூட்டுறவுச் சங்கத்தையும் அவ்வாண்டிலேயே நிறுவினர். மிகக் குறைவாயிருந்த ஆணுறைப் பாவனை அப்பத்தாண்டின் இறுதிக்குள் பெரும்பான்மையாயிற்று. ஒரு பெண் மறுத்தால் வாடிக்கையாளன் அடுத்த வாசலுக்குச் செல்வான். எல்லா வாசல்களும் ஒரே விடையைத் தருமாயின் அவன் இணங்குவான். வேலைநிறுத்தத்தின் தருக்கமும் இதுவே. இலங்கையிலும் 'ஸ்டான்ட் அப் மூவ்மன்ட் லங்கா' போன்ற அமைப்புகள் இப்பாதையில் முயன்றுள்ளன. 2014இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான மதிப்பீடு, பாலியல் தொழிலைக் குற்றமற்றதாக்கினால் பத்தாண்டுகளில் பாலியல் தொழிலாளரிடையேயும் வாடிக்கையாளரிடையேயும் ஏற்படக்கூடிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதம் வரை தவிர்க்கலாம் எனக் கூறியது. மருத்துவம் வந்தடைந்த இம்முடிவுக்கு நமது இலக்கிய விமர்சனம் இன்னும் வந்துசேரவில்லை.

6

நமது நூல்மரபில் நூலின் முகப்பிலே காப்புச் செய்யுள் அமைவது வழக்கம். நூல் இடையூறின்றி முடியவேண்டும் என்பதற்காகப் பாடப்படுவது அது. பாலியல் தொழிலாளி பற்றிய நமது எழுத்துகள் கற்பை முன்வைத்துத் தொடங்கின. ஆதலால் இழப்பிலோ துறவிலோ மரணத்திலோ முடிந்தன.

இனி இப்பொருள் பற்றிய எழுத்தொன்றை மதிப்பிடுகையில் மூன்று கேள்விகளை நாம் எழுப்பலாம். முதலாவது, இவ்வெழுத்து யாரை விளிக்கிறது? ஆணை எச்சரிக்கிறதா, பெண்ணோடு பேசுகிறதா? இரண்டாவது, அவள் ஏன் இத்தொழிலுக்கு வந்தாள் என்பதோடு நின்றுவிடுகிறதா, அன்றி இன்றிரவு அவள் எதனைப் பேரம்பேசுகிறாள் என்பதையும் காண்கிறதா? மூன்றாவது, அவளது தனிமையை மட்டும் காட்டுகிறதா, அவளைப் போன்ற பிறருடன் அவள் சேரக்கூடும் என்பதையும் காட்டுகிறதா? இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் நாவலோ சிறுகதையோ வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எழுதப்படுமாயின், அதன் நாயகியின் கைப்பையில் ஓர் ஆணுறை இருக்கும். அது கதையின் இரகசியமாகவோ அவளுக்கெதிரான சான்றாகவோ இராது. அவளது வேலைக் கருவியாக இருக்கும். அத்தகைய எழுத்து வரும்போது அதனை இனங்காணும் தகுதியையேனும் விமர்சனம் இப்பொழுதே தேடிக்கொள்ள வேண்டும்.